கறுப்பு டிரங்குப் பெட்டியில் தொடங்குங்கள்: நெல்லைச் சீமையில் முன்னாள் படைவீரர் குடும்பத்துக்கு உதவி பெற்றுத்தரும் முறை

பட்டாளத்துக்காரர் வீட்டில் ஒரு கறுப்பு டிரங்குப் பெட்டி இருக்கும். மூடியில் வெள்ளை பெயிண்டில் நம்பர், ரேங்க், பெயர் எழுதியிருக்கும். உதவித்தொகையோ பென்ஷனோ மருத்துவ அட்டையோ, எதற்காக அலைவதாக இருந்தாலும் முதலில் அந்தப் பெட்டியைத் திறங்கள். நேராக அலுவலகத்துக்குப் போய் "என்னென்ன வேணும் சார்" என்று கேட்டுவிட்டு, திரும்பி வந்து தேடுகிறவருக்கு ராதாபுரத்திலிருந்தும் களக்காட்டிலிருந்தும் மூன்று தடவை பஸ் ஏற வேண்டியிருக்கும்.

பெட்டியிலிருந்து எடுக்க வேண்டியவை: டிஸ்சார்ஜ் புக் என்கிற படைவிலகல் சான்று, பி.பி.ஓ. என்கிற பென்ஷன் ஆணை, முன்னாள் படைவீரர் அடையாள அட்டை, திருமணச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்று. வெளியிலிருந்து சேர்க்க வேண்டியவை: கணவன் மனைவி இருவரின் ஆதார், பான் அட்டை, பென்ஷன் ஏறும் வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், குடும்ப அட்டை, கணவனும் மனைவியும் சேர்ந்து எடுத்த படம். டிஸ்சார்ஜ் புக்கை முதல் பக்கம் மட்டும் ஜெராக்ஸ் எடுத்தால் போதாது, எல்லாப் பக்கமும் வேண்டும். குடும்ப விவரமும் விலகிய காரணமும் உள்ளேதான் இருக்கின்றன. எல்லாவற்றிலும் மூன்று செட் எடுத்துவையுங்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று டிஸ்சார்ஜ் புக்கை லேமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள். வாங்கிய உதவிகளை அலுவலகத்தில் அந்தப் புத்தகத்திலேயே குறித்து முத்திரை வைப்பார்கள். பிளாஸ்டிக்கின்மேல் எழுத முடியாது.

பெயர்தான் பெரிய வேலை

விண்ணப்பம் தள்ளுபடியாவதற்குத் தகுதிக் குறைவைவிடப் பெயர்க் குழப்பமே அதிகக் காரணமாகிறது. நம் பக்கத்துப் பெயர்கள் அப்படி. இசக்கியம்மாளை ஆங்கிலத்தில் 'ஐ' எழுத்தில் தொடங்கி ஒருவர் எழுதுவார், 'இ' எழுத்தில் தொடங்கி இன்னொருவர் எழுதுவார். சுடலைமுத்துவுக்கு 'எஸ்' போடுகிறவரும் உண்டு, 'சி ஹெச்' போடுகிறவரும் உண்டு. பேச்சியம்மாளின் நடுவில் ஒரு 'டி' சிலருக்கு வரும், சிலருக்கு வராது. யூனிட்டில் இருந்த கிளார்க்குக்கு வடநாடு. அவர் காதில் விழுந்ததை எழுதினார். ஆதார் எடுத்த பையன் தன் பழக்கத்துக்கு எழுதினான். இதற்குமேல் இனிஷியல் தகராறு வேறு: ஓரிடத்தில் 'எஸ்', இன்னோரிடத்தில் அப்பா பெயர் முழுதாக. பிறந்த தேதி தெரியாத பெரியவர்களுக்கு ஆதாரில் ஜனவரி 1 என்று விழுந்திருக்கும். டிஸ்சார்ஜ் புக்கில் வேறு தேதி இருக்கும்.

ஒரு முழுத்தாளில் நெடுவாக்கில் மூன்று பத்தி போடுங்கள். முதல் பத்தியில் டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ.வில் உள்ளபடி, இரண்டாவதில் ஆதாரில் உள்ளபடி, மூன்றாவதில் வங்கிப் புத்தகம், பிள்ளைகளுக்குப் பள்ளிச் சான்று. கணவர், மனைவி, ஒவ்வொரு பிள்ளை என்று வரிசையாகப் பெயரின் ஆங்கில எழுத்துகளையும் பிறந்த தேதியையும் எழுத்துக்கூட்டிப் பாருங்கள். ஓர் எழுத்து மாறினாலும் சிவப்பில் சுழியுங்கள்.

அடுத்து, எதைத் திருத்துவது என்ற கேள்வி. ஆதாரில் தப்பு என்றால் அதைத் திருத்துவதுதான் சுலபம். ஆனால் ஆதாரில் பெயரை ஆயுளில் இரண்டு முறைதான் மாற்றலாம், பிறந்த தேதியை ஒரே முறைதான். அவசரப்பட்டுத் தப்பான சான்றை வைத்து மாற்றிவிட்டால் பிறகு கைகழுவ வேண்டியதுதான். பட்டாளத்துப் பதிவில் தப்பு என்றால் அவர் இருந்த படைப்பிரிவின் பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீசுக்கு எழுத வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், எம்.இ.ஜி. (மெட்ராஸ் பொறியாளர் படை) என்றாலும் ஏ.எஸ்.சி. (வழங்கல் பிரிவு) என்றாலும் பெங்களூரு, இ.எம்.இ. (பழுதுபார்ப்புப் பிரிவு) என்றால் செகந்திராபாத், சிக்னல்ஸ் (தகவல்தொடர்புப் பிரிவு) என்றால் ஜபல்பூர், பீரங்கிப் படை என்றால் நாசிக் ரோடு. கடிதத்தின் தலையில் சர்வீஸ் நம்பர், ரேங்க், பெயர், விலகிய தேதி ஆகிய நான்கும் இருக்க வேண்டும். நம்பர் இல்லாத கடிதத்தை அங்கே யாராலும் எந்தக் கோப்பிலும் சேர்க்க முடியாது. இரண்டு பெயரும் ஒரே ஆளைக் குறிப்பவை என்று உறுதிமொழிப் பத்திரம், ஆதார் நகல், திருமணச் சான்று ஆகியவற்றை இணைத்து, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக அனுப்புங்கள். நேராக அனுப்பும் தபாலைவிட உதவி இயக்குநரின் முகப்புக் கடிதத்தோடு போகும் தபாலுக்கு மதிப்பு அதிகம்.

கல்யாணமும் குழந்தை பிறப்பும் பட்டாளத்துப் பதிவில் ஏறும் உத்தரவுக்கு 'பார்ட்-டூ ஆர்டர்' என்று பெயர். கவுண்டரில் கேட்கும் கேள்வியும் அதற்கு வரும் பதிலும் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

"பிள்ளையோட பேரு பார்ட்-டூல ஏறியிருக்காம்மா?"

"எனக்கு என்னய்யா தெரியும், அவியதான் எல்லாத்தையும் பாத்துக்கிடுவாவ."

அவிய போன பிறகு இதைச் சரிசெய்ய மாதக்கணக்கில் ஆகும். இருக்கும்போதே என்றால் அவருடைய ஒரு கையெழுத்தில் வேலை நகரும். மாற்றுத்திறனாளிப் பிள்ளை உள்ள வீடுகள் இதில் ஒருநாளும் தாமதிக்கக் கூடாது. சம்பாதிக்க இயலாத பிள்ளைக்குப் பெற்றோர் காலத்துக்குப் பின் ஆயுள் முழுதும் குடும்ப பென்ஷன் உண்டு. மருத்துவச் சான்றோடு அந்தப் பெயரைப் பெற்றோர் காலத்திலேயே ஏற்றிவிட்டால் பிறகு யாரும் அலைய வேண்டாம்.

ஒரே அலுவலகம், இரண்டு கஜானா

பெரியவர்கள் இன்னும் 'சோல்ஜர் போர்டு' என்றுதான் சொல்கிறார்கள். மாநில அரசின் முன்னாள் படைவீரர் நலத்துறையின் மாவட்ட அலுவலகம் அது. மாநில உதவிகளும் தில்லியில் உள்ள கேந்திரிய சைனிக் போர்டின் உதவிகளும் இந்த அலுவலகம் வழியாகவே போகின்றன. ஒரே காரியத்துக்கு இரண்டு இடத்திலும் பணம் வாங்க முடியாது. மகள் கல்யாணத்துக்கு மாநில மானியம் வாங்கிவிட்டு மத்திய மானியத்துக்கும் போட்டால், 'வேறெங்கும் பெறவில்லை' என்ற உறுதிமொழியில் மாட்டிக்கொள்வீர்கள். எது அதிகம் என்று கேட்டுவிட்டு ஒன்றுக்குப் போடுங்கள்.

மத்திய உதவிகள் ஹவில்தார் ரேங்க் வரைக்கும் உள்ளவர்களுக்கு. 2025 நவம்பர் 1 முதல் கொடுக்கும் விண்ணப்பங்களுக்கு வறுமை, கல்வி, திருமண மானியங்களின் தொகை இரட்டிப்பாகியிருக்கிறது. பென்ஷன் இல்லாத, 65 வயது தாண்டிய படைவீரருக்கோ அவருடைய விதவைக்கோ வறுமை மானியம் மாதம் 8,000 ரூபாய், முன்பு 4,000. பிள்ளைகள் இருவர் வரை ஒன்றாம் வகுப்பிலிருந்து பட்டப்படிப்பு வரை கல்வி மானியம் தலைக்கு மாதம் 2,000. திருமண மானியம் 1 லட்சம்: இரண்டு மகள்கள் வரை, மறுமணம் செய்யும் விதவைக்கும் உண்டு. கல்யாணம் முடிந்த 180 நாளுக்குள் போட வேண்டும். மறுவீடு, ஆடிச் சீர் என்று மாதம் ஓடிவிடும், பிறகு நாள் கடந்தது என்று திரும்பி வரும். விண்ணப்பம் ஆன்லைனில்தான், கட்டணம் எதுவும் கிடையாது. "ஆயிரம் ரூபா குடுங்க, முடிச்சுத் தாறேன்" என்று அலுவலக வாசலில் நிற்கிற ஆளிடம் ஒரிஜினலைக் கொடுக்காதீர்கள்.

வறுமை மானியத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பென்ஷனுக்கு வேண்டிய ஆண்டுகள் முடியாமல் அந்தக் காலத்தில் விலகி வந்து, விவசாயமோ பீடிக்கடையோ பார்த்த பெரியவர்கள் தங்களை முன்னாள் படைவீரராகவே நினைப்பதில்லை. 'பென்ஷன் இல்லாதவனுக்கு அங்கே என்ன வேலை' என்று டிஸ்சார்ஜ் புக்கைப் பரணில் போட்டுவைத்திருப்பார்கள். உதவி செய்ய நினைப்பவர் முதலில் தேட வேண்டியது இவர்களைத்தான். கிடைத்த பிறகு ஆண்டுதோறும் உயிர்ச்சான்று கொடுத்தால்தான் தொடரும்.

தொழிற்படிப்பு சேரும் பிள்ளைகளுக்குப் பிரதமர் கல்வி உதவித்தொகை தனி: மாணவிக்கு மாதம் 3,000, மாணவனுக்கு 2,500, நாடு முழுதும் 5,500 பேருக்கு. முதலாண்டிலேயே போட வேண்டும். அந்தப் படிப்பில் சேர அடிப்படையான பிளஸ் டூ போன்ற தேர்வில் 60 சதவீதம் வேண்டும். இரண்டாமாண்டில் நினைவு வந்து பயனில்லை.

மாநில அரசின் 'முதல்வரின் காக்கும் கரங்கள்' தொழில் தொடங்குவோருக்கானது. 2024 சுதந்திர தினத்தில் அறிவித்தார்கள்: 1 கோடி ரூபாய் வரை கடன், அதில் 30 சதவீதம் மூலதன மானியம், 3 சதவீதம் வட்டி மானியம். கடன் கொடுப்பது வங்கி. ஆகவே பழைய கடன் பாக்கி எதுவும் இல்லாமல் பார்த்துக்கொண்டு, இயந்திரத்துக்கு விலைப்புள்ளி வாங்கிக்கொண்டு போங்கள்.

கணவர் இறந்த முதல் மாதம்

முதல் நாளிலேயே வீட்டுப் பெரியவர் ஒருவர் ஏ.டி.எம். அட்டையைக் கையில் வாங்கி வைத்துவிட வேண்டும். இறந்த செய்தி போய்ச் சேரும் வரை முழுப் பென்ஷன் கணக்கில் ஏறிக்கொண்டிருக்கும். பதினாறாம் நாள் செலவுக்கு என்று அதை எடுத்துவிட்டால், பின்னால் வரும் குடும்ப பென்ஷனில் பிடித்தம் செய்வார்கள். அந்தப் பிடித்தம் விதவைக்குத்தான் வலிக்கும்.

இறப்பை 21 நாளுக்குள் பதியுங்கள். கிராமம் என்றால் வி.ஏ.ஓ.விடம். பதிவில் எழுதும் பெயர் பி.பி.ஓ.வில் உள்ள பெயராகவே இருக்கட்டும். தெருவில் கூப்பிடும் பெயரைச் சொல்லிவிட்டு வராதீர்கள், அதே திருத்த வேலை மறுபடி தொடங்கும். பிறகு ஸ்பர்ஷ் என்கிற படைத்துறை பென்ஷன் இணையதளத்தில் இறப்பைத் தெரிவிக்க வேண்டும். பொதுச் சேவை மையத்திலும் செய்யலாம். இறப்புச் சான்று, மனைவியின் ஆதார், பான், வங்கிக் கணக்கு, பி.பி.ஓ. நகல் போதும். மனைவி பெயர் பி.பி.ஓ.விலேயே இருந்தால் வாரிசுச் சான்றுக்காகக் காத்திருக்க வேண்டாம். ஆனால் மற்ற காரியங்களுக்கு வேண்டியிருக்கும், தாசில்தாருக்கு இ-சேவையில் தனியாகப் போட்டுவையுங்கள்.

வரும் தொகை சரிதானா என்று பார்க்கவும் தெரிந்திருக்க வேண்டும். சாதாரணக் குடும்ப பென்ஷன் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம், குறைந்தது 9,000 ரூபாயும் அகவிலைப்படியும். ஓய்வுக்குப் பின் இறந்தவர் என்றால் முதல் 7 ஆண்டு, அல்லது அவருக்கு 67 வயது ஆகியிருக்கும் நாள் வரை, எது முந்தியதோ அதுவரை உயர்த்தப்பட்ட விகிதம் 50 சதவீதம். பணியின் காரணமாக இறந்தவர் குடும்பத்துக்கு 60 சதவீதம், போரில் இறந்தவர் குடும்பத்துக்கு முழுச் சம்பளம். 55 வயதில் இறந்தவர் மனைவிக்குத் தொடக்கத்திலேயே 30 சதவீதம் ஏறினால் பேசாமல் இருக்காதீர்கள், மனு போடுங்கள்.

நவம்பரில் உயிர்ச்சான்று. வயல் வேலை செய்த கைக்கு ரேகை விழாது; முகம் காட்டும் செயலியில் முயலுங்கள், வெளிச்சம் முகத்துக்கு எதிரே இருக்கட்டும், முதுகுப்பக்கம் ஜன்னல் இருந்தால் எடுக்காது. பென்ஷன் வழங்கும் இடம் எது என்று செயலி கேட்கும்போது வங்கியைத் தேர்வது பலர் செய்யும் தப்பு. ஸ்பர்ஷுக்கு மாறியவர்கள் ஸ்பர்ஷையே தேர வேண்டும். படுக்கையில் இருப்பவருக்குத் தபால்காரர் வீட்டுக்கு வந்து 70 ரூபாயில் எடுத்துத் தருவார். உயிர்ச்சான்று என்று சொல்லிப் போனில் ஓ.டி.பி. கேட்பவன் திருடன்.

இ.சி.எச்.எஸ். என்கிற முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்துக்கு அதன் பாலிகிளினிக்கில் பரிந்துரைச் சீட்டு வாங்கித்தான் பட்டியலில் உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். நெஞ்சுவலி போன்ற அவசரத்துக்குச் சீட்டு வேண்டாம். பட்டியலில் இல்லாத மருத்துவமனையில் சேர்த்துவிட்டால் 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தெரிவியுங்கள். தெரிவிக்காத பில்லுக்கு வாதாட வேண்டியிருக்கும். மகனுக்கு 25 வயது வரைதான், அதற்குள் வேலையோ கல்யாணமோ ஆனால் அதோடு சரி.

சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். வீரர்களின் வீடுகளுக்கு இந்த வழி பொருந்தாது. துணை ராணுவத்தினருக்கு முன்னாள் படைவீரர் அட்டை கிடையாது, அவர்களுக்கென்று வேறு நலவாரியம் இருக்கிறது. நான்காண்டு முடித்து வரும் அக்னிவீரருக்கும் அந்தத் தகுதி இல்லை. கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பி அலையாதீர்கள்.

மாதக்கணக்கில் பதிலில்லை என்றால் கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் இருக்கிறது. முன்னாள் படைவீரர்களுக்கென்று தனிக் கூட்டமும் அவ்வப்போது நடக்கும். மனு ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம், ஒரு மனுவில் ஒரே கோரிக்கை. பென்ஷனையும் பட்டாவையும் ஒரே தாளில் எழுதினால் எந்த மேசைக்கும் சொந்தமில்லாமல் சுற்றும். சர்வீஸ் நம்பர், எப்போது எங்கே விண்ணப்பித்தது, இப்போது வேண்டுவது என்ன என்று மூன்று பத்தி போதும். அடையாள அட்டை நகலோடு மூன்று பிரதி கொண்டுபோங்கள். மூன்றாவது பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்கி, வீட்டுக்கு வந்ததும் அதே டிரங்குப் பெட்டியில் போட்டுவையுங்கள்.