ஒரே கேபிளில் நெட்வொர்க்கும் கரண்டும்: வீட்டு கேமராவுக்கு நாமே வயர் இழுக்கலாம்

கேமரா ஒவ்வொன்றுக்கும் இரண்டு வேண்டும்: படம் வர ஒரு வழி, கரண்ட் போக ஒரு வழி. வைஃபை கேமரா வாங்கியவர்கள்கூட அடாப்டருக்காக மொட்டை மாடி வரை எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்திருப்பார்கள். பிஓஇ (பவர் ஓவர் ஈதர்நெட்) முறையில் இரண்டும் ஒரே லேன் கேபிளில் போய்விடும். நான்கு கேமரா போடும் ஒரு மாடி வீட்டை மனதில் வைத்து எழுதுகிறேன். எலக்ட்ரீஷியன் வேலை தெரிந்திருக்கத் தேவையில்லை, பொறுமை இருந்தால் போதும்.

எந்த பிஓஇ?

கடையில் பிஓஇ என்று கேட்டால் இரண்டு விதமான பொருள் வரும். ஒன்று, மிக மலிவாகக் கிடைக்கும் ஸ்ப்ளிட்டர் ஜோடி. 12 வோல்ட் அடாப்டரை ஒரு முனையில் குத்தினால், கேபிளில் சும்மா கிடக்கும் 4, 5, 7, 8ஆம் கம்பிகள் வழியாக அந்தக் கரண்ட் மறுமுனைக்குப் போகும். பத்து மீட்டருக்குள் பரவாயில்லை. தூரம் கூடினால்தான் தொல்லை.

கணக்கு போட்டுப் பார்ப்போம். சாதாரண கேட்5இ வகை லேன் கேபிளில் 40 மீட்டர் போய்த் திரும்ப, இரட்டைக் கம்பியாக, சுமார் 3.4 ஓம் தடை இருக்கும். 6 வாட் கேமரா 12 வோல்ட்டில் அரை ஆம்பியர் இழுக்கும். ஆக வழியிலேயே 1.7 வோல்ட் காலி. மட்டமான கம்பியாக இருந்தால் இன்னும் அதிகம் காலியாகும். பகலில் கேமரா ஒழுங்காக ஓடும். ராத்திரி இன்ஃப்ராரெட் விளக்கு எரிந்ததும் கூடுதல் கரண்ட் இழுத்து, ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருக்கும். "கேமரா பழுது" என்று கடைக்குத் திரும்பப் போவதில் பல இந்த வகைதான்.

இன்னொன்று 802.3ஏஎஃப் என்ற தரம், 2003இல் வந்தது. இதில் 48 வோல்ட் அளவில் கரண்ட் போகும். அதே 6 வாட்டுக்கு 0.125 ஆம்பியர் போதும். அதே 40 மீட்டரில் இழப்பு அரை வோல்ட்கூட இல்லை. மறுமுனையில் இருப்பது பிஓஇ கருவிதானா என்று ஸ்விட்ச் (எல்லாக் கேபிளும் வந்து சேரும் நெட்வொர்க் பெட்டி) முதலில் சோதித்துவிட்டுத்தான் கரண்ட் விடும். தவறி லேப்டாப்பைச் செருகினாலும் ஒன்றும் ஆகாது. இதையே வாங்குங்கள். கேமரா பெட்டியிலும் ஸ்விட்ச் பெட்டியிலும் 802.3ஏஎஃப் என்று இருக்கிறதா பாருங்கள்.

வாங்க வேண்டியவை

பிஓஇ ஸ்விட்ச்: ஒரு போர்ட்டில் 15.4 வாட் வரை கிளம்பும், கேமராவுக்கு 12.95 வாட் உறுதி. ஆனால் ஸ்விட்ச் மொத்தமாக எத்தனை வாட் தரும் என்பதைத் தனியாகப் பார்க்கவும். ராத்திரியில் ஒரு கேமரா 7 வாட் எடுத்தால் நான்குக்கு 28. மொத்தம் 60 வாட் தரும் ஸ்விட்ச் தாராளம். சுற்றித் திரும்பும் மோட்டார் கேமராக்களுக்கு 30 வாட் தரும் 802.3ஏடி போர்ட் தேவைப்படலாம்.

கேபிள்: கேட்6, முழுச் செம்பு. பாதி விலைக்குக் கிடைப்பது பெரும்பாலும் சிசிஏ, அதாவது அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு. கம்பியைக் கத்தியால் சுரண்டுங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அங்கேயே வைத்துவிட்டு வரலாம். வெயில் படும் இடத்துக்கு வெளிப்புறக் கேபிள் என்று கேட்டு வாங்குங்கள்.

கேபிள் முனையில் மாட்ட கேட்6க்கு ஏற்ற ஆர்ஜே45 கனெக்டர், அதை அழுத்திப் பொருத்த கிரிம்பிங் டூல், கேபிள் டெஸ்டர், பிவிசி பைப், கேமராவுக்குப் பின்னால் வைக்க ஜங்ஷன் பாக்ஸ். அவ்வளவுதான்.

படி 1: ஏணி ஏறுவதற்கு முன்

எல்லாக் கேமராக்களையும் மேஜையில் வைத்து, சின்னக் கேபிளில் ஸ்விட்சோடு இணைத்துப் பாருங்கள். ஒரே கம்பெனி கேமராக்கள் எல்லாம் ஒரே ஐபி முகவரியோடு, அதாவது ஒரே நெட்வொர்க் எண்ணோடு வரும் (ஹிக்விஷனில் 192.168.1.64, தாஹுவாவில் 192.168.1.108), அதனால் ஒவ்வொன்றாக இணைத்து முகவரியை மாற்றி, பாஸ்வேர்டு வையுங்கள். எந்தக் கேமரா எங்கே என்று பேனாவால் எழுதி ஒட்டிவிடுங்கள்.

படி 2: கேபிள் இழுத்தல்

ஸ்விட்சிலிருந்து கேமரா வரை 100 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. வீட்டில் அந்தத் தூரம் வராது. இரண்டு முனையிலும் ஒரு மீட்டர் கூடுதலாக விடுங்கள். வீட்டு கரண்ட் வயர் போகும் பைப்பிலேயே இதையும் திணிக்காதீர்கள், தனிப் பைப் வேண்டும். எங்காவது குறுக்கே கடக்க வேண்டியிருந்தால் நேர்க்கோணத்தில் கடக்கட்டும். மூலைகளில் கேபிளை மடிக்காமல் வளைத்து விடுங்கள். சுவரில் துளை போடும் முன், உள்ளே கரண்ட் பைப் எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

படி 3: கிரிம்ப் அடித்தல்

கேமராவிலிருந்து தொங்கும் சின்ன வயரோடு, அதாவது வாலோடு, ஒரு வாட்டர்ப்ரூஃப் மூடி வந்திருக்கும். அதை முதலில் கேபிளில் கோர்த்துவிடுங்கள். கனெக்டர் அடித்த பிறகு நுழையாது.

கொக்கி கீழே இருக்கும்படி கனெக்டரைப் பிடித்து, இடமிருந்து வலமாக: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். இரண்டு முனையிலும் இதே வரிசை. முறுக்கை ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு மட்டும் பிரித்து, கம்பி முனைகளைச் சமமாக வெட்டி, வெளித்தோலும் கனெக்டருக்குள் போகும்படி தள்ளி அழுத்துங்கள்.

சிலர் "இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் போதும்" என்று தங்கள் இஷ்டத்துக்கு நிறம் அடுக்குவார்கள். டெஸ்டரிலும் எட்டு விளக்கும் வரிசையாக எரியும். ஆனால் ஒன்றோடொன்று முறுக்கிய ஜோடிகள் கலைந்துபோவதால் நீளமான கேபிளில் படம் விட்டுவிட்டு வரும். மலிவு டெஸ்டருக்கு இது தெரியாது.

படி 4: மாட்டுதல்

கேபிள் கேமராவுக்கு மேலிருந்து நேராக இறங்கினால் மழைத் தண்ணீர் அதன் வழியே உள்ளே வந்துவிடும். ஜங்ஷன் பாக்ஸுக்குக் கீழே ஒரு தொங்கல் விட்டு, அங்கிருந்து மேல்நோக்கி நுழையுங்கள். வாலில் இருக்கும் 12 வோல்ட் வட்ட ஜாக் நமக்குத் தேவையில்லை, ஆனாலும் டேப் சுற்றிப் பாக்ஸுக்குள் வைக்கவும். தண்ணீர் புகுந்து பச்சை பூத்தால் கேமராவே போகலாம்.

ஒரே மூலையில் இரண்டு கேமரா என்றால்?

இரண்டாவது கேபிள் இழுக்காமல் தப்பிக்க வழி உண்டு. ஒன்று உள்ளே, இரண்டு வெளியே என்று வரும் பிஓஇ எக்ஸ்டெண்டரை அங்கே வையுங்கள். வரும் கேபிளிலிருந்தே அது கரண்ட் எடுத்துக்கொள்ளும். இதற்கு ஸ்விட்ச் போர்ட்டும் எக்ஸ்டெண்டரும் 30 வாட் வகையாக இருப்பது நல்லது. வெளியில் வைத்தால் மழைபுகாத பெட்டிக்குள்.

படி 5: கரண்ட் போனால்

அடாப்டர்கள் வீடு முழுக்கச் சிதறாமல் இருப்பதன் பலன் இங்கேதான். ஸ்விட்ச், படத்தைப் பதிவு செய்யும் ரெக்கார்டர், ரவுட்டர் மூன்றையும் ஒரே யுபிஎஸ்ஸில் கொடுத்தால் கரண்ட் போனாலும் எல்லாக் கேமராவும் ஓடும். இன்வெர்ட்டர் இருந்தால் அதை யுபிஎஸ் மோடில் வையுங்கள், இல்லையென்றால் மாறும் நொடியில் எல்லாம் ரீஸ்டார்ட் ஆகலாம்.

எல்லாம் முடிந்ததும் அன்று ராத்திரியே விளக்குகளை அணைத்து, நான்கு படமும் அரை மணி நேரம் அறாமல் வருகிறதா பாருங்கள். ஏதாவது ஒன்று விட்டுவிட்டு வந்தால், கேமராவைக் கழற்றும் முன் அதன் இரண்டு கனெக்டரையும் வெட்டிப் புதிதாக அடியுங்கள்.