வில் இழுக்கும் கைக்கு இடம் விடுங்கள்: ஃபேன்டஸி கேம் பாத்திரத்துக்கு உடை வரைவது எப்படி?

நான் முதன்முதலில் ஒரு கேமுக்காக வரைந்த பாத்திரம் வாளேந்திய ஒரு ராணி. இரண்டு தோளிலும் கழுகுச் சிறகு போல விரிந்த இரும்புத் தகடு, தரையைக் கூட்டும் மேலங்கி, இடுப்பைச் சுற்றி ஏழெட்டுப் பட்டைகள். படம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதை முப்பரிமாண மாடலாக மாற்றிக்கொண்டிருந்த நண்பர் ஒரு நாள் மாலை என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். வாளை ஓங்குவதற்காக ராணி கையைத் தூக்கியதும் தோள்தகட்டின் முனை அவள் கன்னத்துக்குள் புகுந்து மறுபக்கம் எட்டிப் பார்த்தது. ஓட வைத்தால் மேலங்கிக்குள் கால்கள் புதைந்தன. "எதை எடுத்துவிடலாம், நீங்களே சொல்லுங்கள்" என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எந்தத் தகடு எதற்காக அங்கே இருக்கிறது என்று நான் ஒருமுறைகூட யோசித்திருக்கவில்லை.

அழகையும் பயனையும் தராசில் வைத்து, பாதிக்குப் பாதி நிறுத்துக் கொடுக்கச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அப்படிச் செய்தால் இரண்டுமே அரைகுறையாகத்தான் வரும். உடையில் எந்த இடம் அதிகம் உழைக்கிறதோ, அந்த இடத்திலேயே அழகையும் வைக்க வேண்டும். இதைத்தான் இங்கே ஒரே ஒரு பாத்திரத்தை வைத்துப் படிப்படியாகச் செய்து பார்க்கப் போகிறோம். பென்சிலும் தாளும் போதும். கணினியில் வரைபவர்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் க்ரிட்டா என்ற ஓவிய மென்பொருள் தாராளம்.

நம் பாத்திரம்: பனிமலைக் கணவாய் ஒன்றைக் காவல் காக்கும் பெண். குதிரையில் போவாள். வில்தான் அவள் ஆயுதம்.

படி 1: அவளுடைய ஒரு நாளை எழுதுங்கள்

வரையத் தொடங்காதீர்கள். முதலில் ஒரு பத்து வரி எழுதுங்கள். விடியலில் எழுந்ததும் அவளுக்கு உடுத்திவிட ஆள் உண்டா, தனியாகத்தான் உடுத்த வேண்டுமா? எவ்வளவு நேரம் சேணத்தில் உட்கார்ந்திருப்பாள்? தண்ணீரும் சாப்பாடும் எங்கே வைத்திருப்பாள்? கை விறைத்துப்போனால் என்ன செய்வாள்? உடை கிழிந்தால் யார் தைப்பது?

என் குறிப்பு இப்படி இருந்தது: தனியாக உடுத்துவாள். பாதி நாள் குதிரை மேல். இடது கை வில்லைப் பிடிக்கும், வலது கை நாணை இழுக்கும். கேடயம் பிடிக்க மூன்றாவது கை கிடையாது. இந்தக் கடைசி வரிதான் பின்னால் முழு உடையையும் முடிவு செய்தது.

படி 2: அதே வேலையைச் செய்த உண்மையான மனிதர்களின் உடையைத் தேடுங்கள்

மற்ற கேம்களின் படங்களை இந்தக் கட்டத்தில் பார்க்க வேண்டாம். அவை ஏற்கெனவே ஒருவர் மென்று கொடுத்தவை. குதிரை மேலிருந்து அம்பு எய்தவர்கள் உலகத்தில் நிறைய உண்டு. அவர்களில் நான் எடுத்துக்கொண்டது ஜப்பானின் ஓ-யோரோய் என்ற பெருங்கவசம். ஹெயான் காலத்தின் பிற்பகுதியிலும் காமகுரா காலத்திலும் (ஏறத்தாழ 11 முதல் 14-ஆம் நூற்றாண்டு வரை) குதிரை வீரர்கள் அணிந்தது. அரக்கு பூசிய சின்னஞ்சிறு தகடுகளை வரிசை வரிசையாக அடுக்கி, வண்ணப் பட்டுக் கயிறுகளால் கோத்துச் செய்வார்கள். அரக்கு இரும்பைத் துருவிலிருந்து காக்கும்.

இதன் படம் ஒன்றைப் பெரிதாக்கி மார்புப் பகுதியைப் பாருங்கள். உடல் முழுக்கத் தகடும் கயிறுமாக இருக்க, மார்பில் மட்டும் பூவேலைப்பாடு அச்சிட்ட வழுவழுப்பான தோல் ஒன்று போர்த்தியிருக்கும். பார்த்தவுடன் அலங்காரம் என்றுதான் தோன்றும். அதன் பெயர் த்சுருபாஷிரி. நாண் ஓடும் இடம் என்று பொருள். அம்பை விடும்போது நாண் தகடுகளின் விளிம்பில் மாட்டிக்கொள்ளாமல் வழுக்கிப் போகத்தான் அந்தத் தோல். கவசத்திலேயே கண்ணைப் பறிக்கும் இடமும், நொடி நேரத்தில் உயிரைக் காக்க வேண்டிய இடமும் ஒன்றாக இருக்கின்றன. நான் இதை முதலில் புரிந்துகொண்ட அன்று வேறு எதையும் வரையவில்லை, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் அக்குள் பக்கம் வாருங்கள். இடது மார்போரம் தொங்குவது ஒரே இரும்புத் தகடு. வலது பக்கம் தொங்குவதோ சிறு தகடுகளைக் கோத்தது, வளையக்கூடியது. இடப்பக்கம் எதிரியைப் பார்த்திருக்கும், அதனால் அங்கே உறுதி வேண்டும். வலக்கை நாணை இழுக்கும், அதனால் அங்கே நெகிழ்வு வேண்டும். ஆரம்பக் காலத்தில் கவசக் கையுறையைக்கூட இடது கைக்கு மட்டும்தான் போட்டார்கள். தோளில் சோதே என்ற பெரிய பலகைகள் தொங்கின. இரண்டு கையும் வில்லில் இருப்பதால் அவையே கேடயம்.

இடமும் வலமும் வேறுபடும் உடைகளைப் புதியவர்கள் நிறைய வரைகிறார்கள். "ஒரு பக்கம் மட்டும் தோள்தகடு இருந்தால் ஸ்டைலாக இருக்கும்" என்பதுதான் பெரும்பாலும் காரணம். இங்கே ஒவ்வொரு வேறுபாட்டுக்கும் பதில் இருக்கிறது. பதில் இருப்பதால்தான் பார்க்கவும் நன்றாக இருக்கிறது.

இன்னொன்றையும் மறக்காதீர்கள். இதே ஓ-யோரோய் 25 முதல் 30 கிலோ வரை எடையும் பெட்டி போன்ற வடிவமும் கொண்டது. தரையில் இறங்கிச் சண்டை போடும் வழக்கம் கூடியபோது, உடலோடு ஒட்டிச் சுற்றிக்கொள்ளும் தோ-மாரு என்ற கவசம் பரவலானது. ஆக, "பயனுள்ள உடை" என்று பொதுவாக ஒன்று கிடையாது. யாருக்கு, எந்த வேலைக்கு என்று கேட்டால்தான் அந்தச் சொல்லுக்கே அர்த்தம்.

ரெஃபரன்ஸ் தேட அருங்காட்சியகம்தான் வேண்டும் என்றில்லை. நம் ஊர் வயலில் வேலை செய்யும் பெண்களைக் கவனித்திருப்பீர்கள். சேலைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, தலையில் சுருட்டிக் கட்டிய துண்டு, முழங்கால் வரை தூக்கிச் செருகிய கொசுவம். வெயிலுக்கும், கரும்புச் சோகை கையைக் கிழிக்காமல் இருக்கவும் சட்டை, சேற்றுக்குச் செருகல். யாரும் வடிவமைக்காத உடை அது. தூரத்தில் வரும்போதே அவர் என்ன வேலைக்குப் போகிறார் என்று சொல்லிவிடுகிறது. உங்கள் பாத்திரத்தின் உடை அவ்வளவு தெளிவாகப் பேச வேண்டும்.

படி 3: உடைக்கு முன் அசைவை வரையுங்கள்

வெறும் குச்சி உருவம் போதும். மூன்று நிலைகள்: குதிரையில் ஏறுவது, நாணைக் காது வரை இழுப்பது, நெருப்பருகே குத்துக்காலிட்டு உட்காருவது. தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் எங்கெல்லாம் மடிகிறதோ, அங்கெல்லாம் சிவப்புப் பென்சிலால் வட்டம் போடுங்கள். அந்த வட்டங்களுக்குள் விறைப்பான பொருள் வரக் கூடாது. துணி, தோல், கோத்த தகடு ஆகியவை வரலாம். ராணி விஷயத்தில் நான் தவறவிட்டது இந்த ஒரு வேலையைத்தான். பத்து நிமிடம்கூட ஆகாது.

படி 4: நிழலுருவத்தைச் சோதியுங்கள்

உருவத்தை முழுக்கக் கறுப்பால் நிரப்புங்கள். பிறகு கட்டைவிரல் நகம் அளவுக்குச் சிறிதாக்குங்கள். அவள் யார், கையில் என்ன இருக்கிறது, எந்தப் பக்கம் பார்க்கிறாள் என்பது தெரிகிறதா? தெரியவில்லை என்றால் உள்ளே எவ்வளவு வேலைப்பாடு செய்தும் பயனில்லை. குறைந்தது எட்டு நிழலுருவமாவது வரைந்து, ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

என் வில்லாளியில் தோள்பலகைகளைக் கொஞ்சம் பெரிதாக்கி, இடுப்பை ஒடுக்கி, அம்பறாத்தூணியை முதுகிலிருந்து இடுப்புக்கு இறக்கினேன். முதுகில் இருந்தால் பார்க்க வீரமாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் குலுங்கும் குதிரையில் தலைக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவுவதைவிட இடுப்பிலிருந்து உருவுவது எளிது. ஓ-யோரோய் வீரர்களும் வலது இடுப்பில்தான் அம்புகளை வைத்தார்கள். இடுப்புக்குப் பின்னால் விசிறி போல விரிந்த அம்புகள் நிழலுருவத்திலும் அழகாக விழுந்தன.

படி 5: உள்ளிருந்து வெளியே உடுத்துங்கள்

நாம் காலையில் உடுத்தும் வரிசையிலேயே வரையுங்கள். முதலில் உள்ளாடை, பிறகு பஞ்சு வைத்த சட்டை, கால்சட்டை, காலணி, அதற்கு மேல் கவசம், கடைசியாகப் பனிக்கான போர்வை. ஒவ்வோர் அடுக்குக்கும் முடிச்சோ பொத்தானோ கொக்கியோ எங்கே என்று குறியுங்கள். அவள் தனியாக உடுத்துபவள் அல்லவா? அப்படியானால் எல்லா முடிச்சும் அவள் கை எட்டும் இடத்தில், முன்னாலோ பக்கவாட்டிலோ இருக்க வேண்டும். முதுகில் நாடா கட்டிய கவசம் போட்டால், அவளுக்கு ஒரு பணிப்பெண்ணையும் சேர்த்தே வரைய வேண்டியிருக்கும்.

பெண் பாத்திரங்களின் மார்புக் கவசம் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். இரண்டு கிண்ணங்கள் கவிழ்த்தது போலத் தகடு அடிப்பது ஃபேன்டஸி ஓவியங்களில் பழகிப்போன ஒன்று. அந்த வடிவத்தில் நடுவே ஒரு பள்ளம் விழும். ஈட்டியோ வாளோ பட்டால் வழுக்கி வெளியே போகாமல் நெஞ்செலும்பை நோக்கி உள்ளே வரும். ஐரோப்பியத் தகட்டுக் கவசங்கள் பல நடுவில் மேடாகவோ உருண்டையாகவோ இருப்பது அடியை வெளிப்பக்கம் தள்ளத்தான். வில்லாளிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு, நாண் அந்த வளைவில் மாட்டும். ஜப்பானிய வில்வித்தையான க்யூதோவில் பெண்கள் முனேஆத்தே என்ற மார்புக் காப்பை அணிவது நாண் படாமல் இருக்கத்தான். அவளைப் பெண்ணாகக் காட்ட முகம், முடிக்கட்டு, நிற்கும் விதம், கை என்று எவ்வளவோ வழிகள் இருக்கின்றன. அவள் உயிரைக் காக்கும் தகட்டில் அதைச் செய்ய வேண்டாம்.

படி 6: கேம் கேட்கும் நடைமுறையையும் கேளுங்கள்

உடைக்கு இரண்டு எஜமானர்கள். ஒன்று அவள் வாழும் உலகம், இன்னொன்று அவளைக் காட்டும் திரை. 1981-இல் வந்த டாங்கி காங் கேமில் மாரியோவுக்குத் தொப்பி வந்தது, திரையின் அவ்வளவு குறைந்த புள்ளிகளில் முடியை வரைவது கஷ்டம் என்பதால். வாய் வரைய இடமில்லாததால் மீசை. கை அசைவது உடலிலிருந்து பிரிந்து தெரிவதற்காக வேறு நிறத்தில் மேலுடுப்பு. திரையின் நெருக்கடியே உலகம் முழுக்கத் தெரிந்த ஓர் உடையைத் தைத்துக் கொடுத்தது.

டோட்டா 2 கேமுக்காக வால்வ் நிறுவனம் வெளியிட்ட ஓவிய வழிகாட்டி, பாத்திரத்தின் மேல்பகுதியை வெளிச்சமாகவும் கால்பகுதியை இருட்டாகவும் வைக்கச் சொல்கிறது. கேமரா மேலிருந்து பார்ப்பதால் தலையும் தோளும்தான் முதலில் கண்ணில் படும். உங்கள் கேமில் கேமரா பாத்திரத்தின் பின்னால் வருகிறதா? அப்படியானால் விளையாடுபவர் பல மணி நேரம் பார்க்கப் போவது அவள் முதுகை. முன்பக்கத்தில் செலவழிக்கும் நேரத்தை முதுகுக்கும் கொடுங்கள்.

நீளமான துணியைப் பற்றி ஒரு வார்த்தை. போர்வை, பாவாடை, தொங்கும் பட்டை எல்லாம் அசையும்போது காலுக்குள்ளும் குதிரைக்குள்ளும் புகும். பக்கவாட்டில் பிளவு விட்டால் அவளுக்கும் குதிரை ஏற வசதி, மாடல் செய்பவருக்கும் பாதி வேலை மிச்சம். ஓ-யோரோயின் கீழ்ப்பகுதியும் நான்கு தனித்தனிப் பலகைகளாகத்தான் தொங்குகிறது.

படி 7: இப்போது அழகு

இதுவரை வரைந்ததை எடுத்து, எங்கே பார்வை போக வேண்டும் என்று மூன்றே இடங்களைத் தேர்ந்தெடுங்கள். அவை அதிகம் உழைக்கும் இடங்களாக இருக்கட்டும். நான் எடுத்தவை நாண் ஓடும் மார்பு, வில் பிடிக்கும் இடது முன்கை, தோள்பலகை. வேலைப்பாட்டை அங்கே கொட்டுங்கள். மற்ற இடங்கள் அடக்கமாக இருக்கட்டும். கண்ணுக்கும் ஓய்வு வேண்டும்.

ஒரே கோலத்தைச் சில இடங்களில் திரும்ப வையுங்கள். ஓ-யோரோயில் மார்பில் இருக்கும் அதே அச்சுத் தோல், தலைக்கவசத்தின் இரு பக்கமும் மடங்கி நிற்கும் மடல்களிலும் வரும். அதனாலேயே நூற்றுக்கணக்கான தகடுகளும் சேர்ந்து ஒரே உடையாகத் தெரிகின்றன.

நிறத்துக்கு ஒரு கதை கொடுங்கள். டோக்கியோவுக்கு மேற்கே முசாஷி மிதாகே கோயிலில் சிவப்புக் கயிறு கோத்த ஓ-யோரோய் ஒன்று இருக்கிறது, 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மஞ்சிட்டி இனச் செடியின் வேர்ச்சாயத்தில் தோய்த்த பழைய கயிறுகள் இன்னும் சிவப்பாகவே இருக்கின்றன. மெய்ஜி காலத்தில் (1868–1912) பழுதுபார்த்தபோது சேர்த்த, செயற்கைச் சாயமேற்றிய கயிறுகளோ வெளிறிப்போய்விட்டன. இதைப் படித்த பிறகு என் வில்லாளியின் தோள்பலகையில் நான்கு வரிசைக் கயிறுகளை மட்டும் வெளிறிய நிறத்தில் வரைந்தேன். அவள் அம்மாவின் கவசம் அது, இவள் பழுது பார்த்திருக்கிறாள். ஒரு வரி வசனம் இல்லாமல் அது புரிந்தது.

மிகைக்கு ஓர் இடம் உண்டு, ஒன்றே ஒன்றுக்கு. ஃபேன்டஸி அல்லவா! என் பெண்ணின் போர்வை, அந்த மலையில் மட்டும் வாழும் ராட்சதப் பறவையின் இறகுகளால் ஆனது. கயிறும் முடிச்சும் தேய்மானமும் நம்பும்படி இருப்பதால் பறவையையும் பார்ப்பவர்கள் நம்பிவிடுகிறார்கள்.

படி 8: விளக்கத் தாள்

முன், பின், பக்கம் என மூன்று கோணங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் அது இரும்பா, தோலா, துணியா என்ற குறிப்பு. நாணை முழுதாக இழுத்த நிலையில் தோள்பலகை எவ்வளவு பின்னால் நகர்கிறது என்று ஒரு தனிப்படம். கட்டும் முடிச்சுகளை மட்டும் பெரிதாக்கி ஓரத்தில் வரையுங்கள், அவிழ்த்த நிலையிலும் கட்டிய நிலையிலும். மாடல் செய்பவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.