இஸ்தோப்பில் பத்து நிமிடம்: உடம்போடும் மனதோடும் மறுபடி பழக ஒரு செய்முறை

கொழும்பில் நான்கு வருடம் கடையில் நின்று வேலை பார்த்துவிட்டு, அட்டன் பக்கத்தில் இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பிய அன்று, பணிய லயத்திலிருந்து (கீழே இருக்கும் தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து) மேட்டு லயத்துக்கு ஏறும் படிக்கட்டில் மூன்று இடத்தில் நின்றேன். சின்ன வயதில் தண்ணீர்க் குடத்தோடு ஓடி ஏறிய அதே படிகள். வாசலில் நின்ற அம்மா, "என்னா சாமி, இம்புட்டு ஏறுறதுக்குள்ள இப்புடி மூச்சு வாங்குது?" என்று கேட்டார். அன்று இரவு தூக்கமும் வரவில்லை. பீலியில் தண்ணீர் விழும் சத்தம் தவிர வேறு சத்தமே இல்லை. கை தானாகப் போனைத் தேடியது. பசி எது, களைப்பு எது, கவலை எது என்று பிரித்துச் சொல்லக்கூட எனக்கு மறந்து போயிருந்தது.

அதற்குப் பிறகு நான் ஒவ்வொன்றாகப் பழகிக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். செலவு கிடையாது. ஐந்து படிகள், வாரத்துக்கு ஒன்று. ஐந்தையும் ஒரே நாளில் தொடங்கியவர்கள் பத்தாம் நாள் எல்லாவற்றையும் விட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். முதல் படி கைகூடிய பிறகு அடுத்ததற்குப் போங்கள்.

தொடங்கும் முன் ஒரு விஷயம். கடையில், கணினி முன்னால், ஆட்டோவில் என்று ஒரே இடத்தில் நாளைக் கழிப்பவரின் உடம்பு அசைவுக்கு ஏங்குகிறது. நாள் முழுக்கக் கூடையின் பாரத்தைத் தலையில் தாங்கி, சரிவில் நின்று கொழுந்து எடுப்பவரின் உடம்பு ஓய்வுக்கு ஏங்குகிறது. இரண்டு பேருக்கும் ஒரே அறிவுரை சொல்வது நியாயமில்லை. கொழுந்து எடுக்கும் அம்மாவையோ அக்காவையோ "நடைப்பயிற்சி போங்க" என்று அனுப்பாதீர்கள். அவர்கள் மூன்றாம் படியை விட்டுவிட்டு ஐந்தாம் படிக்குப் போகலாம்.

முதல் படி: வெளிச்சமும் மூச்சும்

எழுந்ததும் போனைத் தொடாமல் இஸ்தோப்புக்கு, அதாவது வீட்டின் முன் திண்ணைக்கு வாருங்கள். நம் நாட்டில் வருடம் முழுவதும் ஆறு மணியை ஒட்டித்தான் விடிகிறது என்பதால் நேரம் மாறிக்கொண்டே இருக்காது. பத்து நிமிடம் வெளியே இருந்தால் போதும். பனிமூட்டமாக இருக்கிறதே என்று யோசிக்க வேண்டாம். மேகம் மூடிய வானத்தின் வெளிச்சம்கூட காம்பராவுக்குள் (அறைக்குள்) எரியும் மின்குமிழை விடப் பல மடங்கு அதிகம். காலை வெளிச்சம் கண்ணில் படும்போது உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் சரியாகிறது, இரவில் தூக்கம் வரும் நேரமும் அதை வைத்தே ஒழுங்குக்கு வருகிறது.

அப்புறம் மூச்சு. முதுகைச் சுவரில் சாய்த்து உட்காருங்கள். குளிராக இருந்தால் கம்பளியைப் போர்த்திக்கொள்ளுங்கள். ஒரு கையை வயிற்றின் மேல் வையுங்கள். மூக்கால் நான்கு எண்ணும் வரை இழுங்கள், கை மேலே எழ வேண்டும். ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். வெளியே விடும் மூச்சு நீளும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் தணியும், உடம்பு பதற்றத்திலிருந்து இறங்கும். இப்படிப் பத்து முறை. தலை சுற்றினால் எண்ணிக்கையை விட்டுவிட்டுச் சாதாரணமாக மூச்சு விடுங்கள், அடக்கிப் பிடிக்க வேண்டாம்.

மனம் ஓடத்தான் செய்யும். சம்பள நாள், கடன், நேற்று ஒருவர் சொன்ன வார்த்தை எல்லாம் வரும். வரட்டும். வந்தது தெரிந்ததும் கையின் கீழ் வயிறு எழுந்து இறங்குவதைக் கவனியுங்கள். அதுதான் பயிற்சி. முதல் வாரத்துக்கு இது மட்டும் போதும்.

இரண்டாம் படி: தண்ணீர் முதலில், தேத்தண்ணி அப்புறம்

நாம் தேயிலை மண்ணின் பிள்ளைகள். தேத்தண்ணியை விடச் சொல்ல எனக்கு மனமில்லை, விடவும் தேவையில்லை. நேரத்தை மட்டும் மாற்றுங்கள்.

எழுந்ததும் கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு கப். ஊற்றிலிருந்தும் பீலியிலிருந்தும் வரும் தண்ணீர் தெளிவாகத் தெரிந்தாலும் கொதிக்க வைத்தே குடியுங்கள். உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் 94 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதி வந்துவிடும். அதனால் குமிழி வந்ததும் இறக்காமல் மூன்று நிமிடம் நன்றாகக் கொதிக்க விடுங்கள்.

சாப்பாட்டோடு தேத்தண்ணி குடிப்பதுதான் நாம் செய்யும் தவறு. ரொட்டியைக் கடித்து, ஒரு மிடறு சாயம் குடித்து, மறுபடி ரொட்டி. தேயிலையில் இருக்கும் துவர்ப்புச் சத்து, கீரையிலும் பருப்பிலும் இருக்கும் இரும்புச் சத்தை உடம்பு உறிஞ்சவிடாமல் தடுக்கிறது. தோட்டத்துப் பெண்கள் பலர் இரத்தச் சோகையோடு வேலைக்குப் போவதைப் பார்க்கும்போது இதைச் சத்தமாகச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். பெரட்டுக்கு (காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு) ஓடும் அவசரத்தில் காலையில் அது முடியாது என்றால், மதியச் சாப்பாட்டிலாவது கடைப்பிடியுங்கள்.

மூன்றாம் படி: இருபது நிமிட நடை

ஜப்பானில் 1982ஆம் ஆண்டு அந்நாட்டு வனத்துறை, காட்டுக்குள் நிதானமாக நடந்து மனதை ஆற்றிக்கொள்வதற்கு ஒரு பெயரே வைத்தது. 'ஷின்ரின் யோகு', அதாவது வனக் குளியல். நமக்கு வாசலைத் தாண்டினாலே மலை. ஆனால் வேலைக்காக ஏறி இறங்கிய மலையை நாம் நின்று பார்த்ததில்லை.

போனை வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்புங்கள். வேகம் வேண்டாம், பேசினால் மூச்சு வாங்காத அளவில் நடங்கள். முதல் ஐந்து நிமிடம் பாதத்தை மட்டும் கவனியுங்கள். குதிகால் பதிகிறது, விரல் தள்ளுகிறது. அடுத்த ஐந்து நிமிடம் காது. எங்கள் பக்கத்தில் குக்குறுவான் பறவையின் விடாத கூவல், தூரத்தில் ரயில், யாரோ விறகு பிளக்கும் சத்தம். அப்புறம் மூக்கு. தேயிலைத் தொழிற்சாலை ஓடும் நாளில் காற்றில் வரும் வாடையை நான்கு வருடம் மறந்திருந்தேன். முதல் தடவை அது வந்தபோது பாதையிலேயே நின்றுவிட்டேன். கடைசி ஐந்து நிமிடம் எதையும் கவனிக்க முயலாமல் சும்மா நடங்கள்.

வெறுங்காலோடு நடக்கச் சொல்லிப் பல வீடியோக்கள் வருகின்றன. நம் ஈர மண்ணில் கொக்கிப்புழு காலின் தோல் வழியாக உள்ளே போகும். அதனால் செருப்போடு நடங்கள். வெறுங்காலால் தரையைத் தொட ஆசை என்றால் சுத்தமான பாறையோ வாசல் சிமெந்துத் தரையோ போதும்.

குளவிக் கூடு இருக்கும் மரத்தின் பக்கம் போகாதீர்கள். எந்த மலையில் கூடு இருக்கிறது என்று கொழுந்து எடுப்பவர்களிடம் கேட்டுவிட்டுப் பாதையைத் தேர்ந்தெடுங்கள். கலைந்து வந்தால் கையால் விரட்டாமல், தலையையும் முகத்தையும் துணியால் மூடிக்கொண்டு ஓடி ஒரு வீட்டுக்குள் புகுந்து கதவைச் சாத்துங்கள். நிறையக் கொட்டியிருந்தாலோ மூச்சுத் திணறினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அட்டைக்குக் காலில் சவர்க்காரம் தடவிக்கொண்டால் போதும். கடித்துவிட்டால் நகத்தால் பக்கவாட்டில் தள்ளி எடுத்து, அந்த இடத்தைக் கழுவுங்கள். மருந்து அடித்த மலைக்குள் நுழைய வேண்டாம். சிறுத்தை நடமாட்டம் உள்ள இடங்களில் இருட்டோடு போகாதீர்கள், நன்றாக விடிந்த பிறகு போங்கள். அட்டன், மஸ்கெலியாப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை மழை விடாது. பதுளை, பண்டாரவளைப் பக்கம் வருடக் கடைசியில்தான் பெருமழை. அடைமழை நாளில் மண் சரியும் சரிவுகளை விட்டுவிட்டு இஸ்தோப்பிலேயே முன்னும் பின்னும் நடக்கலாம்.

நான்காம் படி: ஒரு வாளி வல்லாரை

காணி இல்லாதவர்கள்கூட இதைச் செய்யலாம். உடைந்த வாளியோ பழைய அரிசிப் பையோ எடுத்து, அடியில் நான்கைந்து ஓட்டை போடுங்கள். மண்ணோடு மூன்றில் ஒரு பங்கு மக்கிய சாணமோ குப்பை உரமோ கலந்து நிரப்புங்கள். தெரிந்தவர் தோட்டத்திலிருந்து வேரோடு படரும் வல்லாரைக் கொடி நாலைந்து வாங்கி, கணுக்கள் மண்ணில் படும்படி ஊன்றுங்கள். வல்லாரைக்கு ஈரமும் அரை நிழலும் பிடிக்கும். தாழ்வாரத்துத் தண்ணீர் சொட்டும் ஓரம் பொருத்தமான இடம். பக்கத்தில் இன்னொரு பையில் பொன்னாங்காணித் தண்டுகளை நறுக்கி ஊன்றினால் அதுவும் பிடித்துக்கொள்ளும். தேயிலைக்கு நடுவில் முளைக்கும் கீரையைப் பறிக்காமல் சொந்தமாக வளர்க்கச் சொல்வதற்குக் காரணம் களை மருந்துதான்.

தினமும் விரலை மண்ணுக்குள் விட்டு ஈரம் பாருங்கள். காய்ந்திருந்தால் தண்ணீர், இல்லையென்றால் விடுங்கள். என் மனதுக்கு மூச்சுப் பயிற்சியை விட அதிக நிம்மதி தந்தது இந்த விரல் விடும் வேலைதான் என்று தோன்றுகிறது. புதுத் துளிர் வந்த காலையில் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

இலை நிறைந்ததும் சம்பல் செய்யலாம். ஒரு பிடி வல்லாரையை நன்றாகக் கழுவிப் பொடியாக அரியுங்கள். சின்ன வெங்காயம் ஐந்து, பச்சை மிளகாய் ஒன்று, தேங்காய்ப்பூ ஒரு கை, உப்பு. கடைசியில் அரைத் தேசிக்காய் பிழிந்து பிசையுங்கள். தேசிக்காய் ருசிக்கு மட்டும் இல்லை, அதன் புளிப்போடு வரும் சத்து கீரையின் இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள உதவுகிறது. கோதுமை மாவில் பாதியைக் குறைத்துக் குரக்கன் (கேழ்வரகு) மா சேர்த்து ரொட்டி சுட்டால் வயிறு நிறைந்த உணர்வு அதிக நேரம் இருக்கும். நாளில் ஒரு வேளையாவது டிவியும் போனும் இல்லாமல், மென்று சாப்பிடுங்கள்.

ஐந்தாம் படி: இரவு

மாலை நான்கு மணிக்குப் பிறகு தேத்தண்ணி வேண்டாம். அதிலுள்ள கஃபீன் பாதி குறையவே ஐந்து மணி நேரம் போல எடுக்கும். பதிலுக்குக் கொத்தமல்லித் தண்ணீர் குடிக்கலாம், இஞ்சி தட்டிப் போட்டு.

கொழுந்து எடுத்து வந்தவர்களுக்கு இது: பேசினில் கைபொறுக்கும் சூட்டில் தண்ணீர், ஒரு பிடி உப்பு, பதினைந்து நிமிடம் கால். சீனி வருத்தம் (நீரிழிவு) உள்ளவர்களுக்குக் காலில் சூடு தெரியாமல் போகலாம், அதனால் வேறொருவர் கையை விட்டுப் பார்த்த பிறகே காலை வைக்க வேண்டும். அந்த நேரத்தில் தோளைக் காது வரை உயர்த்தி மெதுவாக இறக்குங்கள், பத்துத் தடவை. கழுத்தை வட்டமாகச் சுழற்றாமல் இடமும் வலமும் சாய்த்தால் போதும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அந்தத் தண்ணீரை அவர்கள் காய்ச்சி வைக்கட்டும். நான் இப்போது அம்மாவுக்குக் காய்ச்சி வைக்கிறேன்.

படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே போனைக் காம்பராவின் மறுமூலையில் வைத்துவிடுங்கள். திரையின் வெளிச்சம் மூளைக்கு இன்னும் பகல் என்று சொல்கிறது, தூக்கத்துக்கான சுரப்பு தள்ளிப்போகிறது. எழுப்ப அலாரம் வேண்டும் என்றால் பழைய மணிக்கூடு ஒன்று வாங்கிக்கொள்ளலாம்.

இதையெல்லாம் செய்தும் இரண்டு வாரத்துக்கு மேல் மனம் பாரமாகவே இருந்தால், வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால், மூச்சுப் பயிற்சியோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணுக்கு அழையுங்கள், பக்கத்து அரச ஆஸ்பத்திரியில் சொல்லுங்கள். காய்ச்சலுக்கு மருந்து எடுப்பது போலத்தான் இதுவும், வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஐந்தும் பழகிய பிறகு மாதத்தில் ஒரு நாள், போயா (முழுநிலா) விடுமுறை அன்று, போனை மாலை வரை அணைத்து வையுங்கள். வெளியூரில் இருப்பவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள், பயப்படாமல் இருப்பார்கள். வானம் தெளிந்திருந்தால் நிலா எழும்பும்போது வீட்டில் இருக்கும் பெரியவரோடு இஸ்தோப்பில் உட்காருங்கள். கேள்வி ஒன்று மட்டும் கேளுங்கள், பிறகு குறுக்கே பேச வேண்டாம். போன போயாவுக்கு நான் அம்மாவிடம், "இந்த லயத்துல ஆரம்பத்துல யாரும்மா இருந்தாங்க?" என்று கேட்டேன். கொத்தமல்லித் தண்ணீர் ஆறிப்போகும் வரை சொல்லிக்கொண்டே இருந்தார். லயத்தின் கடைசியில் உள்ள தொங்கல் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கொய்யா மரத்தை வைத்தது என் தாத்தா என்று அன்றுதான் தெரிந்தது. தினமும் காலையில் நான் நடக்கத் தொடங்கும் இடம் அதுதான்.