பழுதான மின்சாதனத்த திறக்க ஸ்க்ரூ எல்லாம் கழட்டியாச்சு, இன்னும் மூடி வரலையா?

உடனே கத்திய விட்டு நெம்பாதீங்க ப்ளீஸ், பழுதான பொருள் முழுசா செத்துப் போறது நிறைய நேரம் திறக்கும்போதுதான்.

முதல்ல ப்ளக்க புடுங்குங்க. ஆனா அதோட ஆபத்து போயிடாது, 230 வோல்ட்ல ஓடுற பவர் சப்ளைல இருக்குற பெரிய கெப்பாசிட்டர் (மின்சாரத்த சேத்து வெக்கிற பாகம்) ப்ளக்க புடுங்கின பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல வெச்சிருக்கலாம், அதனால அந்தப் பக்கம் விரலே போகக் கூடாது. மைக்ரோவேவ் ஓவன வீட்டுல திறக்கவே வேண்டாம், அதுல 2000 வோல்ட்டயும் தாண்டும். உப்பின பேட்டரி தெரிஞ்சா நெம்பாம அப்படியே நிறுத்திடுங்க.

இப்ப மூடி. எங்கயோ இன்னொரு ஸ்க்ரூ ஒளிஞ்சிருக்கும்! அடியில ரப்பர் காலுக்குக் கீழ, பேட்டரி போடுற குழிக்குள்ள எல்லாம் பாருங்க, ஸ்டிக்கர் மேல விரலால தடவி எங்க பள்ளமா அமுங்குதோ அங்கதான் இருக்கும். அதுவும் பல நேரம் சாதா ஸ்க்ரூவா இருக்காது, தலைல நட்டநடுவுல குச்சி நிக்கிற நட்சத்திரமோ இல்ல முக்கோணமோ இருக்கும், காசு குடுத்து வாங்கினவங்களே திறக்கக் கூடாதுன்னு செஞ்ச வேலை, எனக்கு இதப் பாத்தாலே ஆத்திரமா வருது. சரியான பிட் (ஸ்க்ரூடிரைவர்ல மாட்டுற முனை) இல்லாம திருகினா தலை தேஞ்சுடும், அப்புறம் துளை போட்டுத்தான் எடுக்கணும், அதனால பல தலை இருக்குற பிட் செட் ஒண்ணு வாங்கிடுங்க.

எல்லா ஸ்க்ரூவும் வந்தும் அசையலன்னா உள்ள பிளாஸ்டிக் லாக் புடிச்சிருக்கு. பழைய ஏடிஎம் கார்ட இடுக்குல விட்டு மெதுவா நகத்துங்க, டக்குன்னு ஒண்ணு விட்டதும் கார்ட அங்கயே விட்டுட்டு இன்னொரு கார்டால அடுத்தத பாருங்க, இல்லன்னா இந்தப் பக்கம் திறக்கத் திறக்க அந்தப் பக்கம் மூடிக்கும். மூடி தளர்ந்ததும் சந்தோஷத்துல வெடுக்குன்னு தூக்காதீங்க, மேல் பாதிக்கும் கீழ் பாதிக்கும் நடுவுல ரிப்பன் கேபிள், அதாவது நாடா மாதிரி தட்டையான வயர், போகும். அது மாட்டியிருக்குற இடத்துல சின்னப் பட்டை இருந்தா அத நகத்தால நிமித்தின பிறகுதான் கேபிள் வரும், இழுத்தா கிழியும்.

கழட்டுற ஸ்க்ரூவ பேப்பர்ல படம் வரைஞ்சு அந்தந்த இடத்துலயே டேப் போட்டு ஒட்டுங்க. நீள ஸ்க்ரூ குட்டை துளைக்குள்ள போனா அடியில இருக்குற சர்க்யூட் போர்டையே குத்திடும். திரும்ப மாட்டும்போது பிளாஸ்டிக் துளைன்னா முதல்ல இடது பக்கமா திருப்புங்க, லேசா டக்னு இறங்கும், பழைய மரைல உக்காந்துடுச்சு, அப்புறம் வலது பக்கம் முறுக்குங்க.