டோக்கியோவில் வீடு எடுத்தாச்சா? முதலில் அலமாரியைப் பாருங்கள்

நிஷி கசாய் பக்கம் வீடு தேடும் நம் ஆட்கள் ஏஜென்டிடம் கேட்பது ஸ்டேஷன் எவ்வளவு தூரம், டெபாசிட் எவ்வளவு, தாளிப்பு வாசனைக்கு ஓனர் ஏதும் சொல்வாரா என்பதைத்தான். கட்டடம் எந்த நிலநடுக்க விதிப்படி கட்டியது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

1981 ஜூன் 1 முதல் ஜப்பானில் நிலநடுக்கக் கட்டட விதி மாறியது. புது விதிக்கு 'ஷின் தைஷின்' என்று பேர். பெரிய ஆட்டத்தில் கட்டடம் விரிசல் விட்டாலும் உள்ளே இருப்பவர்கள் மேல் இடிந்து விழக் கூடாது என்பது அதன் கணக்கு. ஒரு சூட்சுமம் உண்டு: பார்க்க வேண்டியது கட்டி முடித்த தேதியை அல்ல, கட்ட அனுமதி வாங்கிய தேதியை. 1982-இல் முடிந்த கட்டடம்கூடப் பழைய விதிப்படி இருக்கலாம். மர வீட்டுக்கான விதி 2000-இல் இன்னும் இறுகியது, அதனால் மர வீடு என்றால் அதற்குப் பிந்தையதாகப் பாருங்கள். 2016-இல் குமாமொத்தோ குலுங்கியபோது அந்த வித்தியாசம் தெரிந்தது.

பழைய விதிக் கட்டடமாக இருந்தால், தைஷின் பரிசோதனை, அதாவது நிலநடுக்கத்தைத் தாங்குமா என்ற பரிசோதனை, செய்திருக்கிறார்களா, முடிவு என்ன என்பதை ஒப்பந்தத்துக்கு முன்பு வாசிக்கும் விளக்கத்தில் சொல்லியாக வேண்டும். புரியாத ஜப்பானிய மொழிக்குத் தலையை ஆட்டிவிட்டு முத்திரை குத்தாதீர்கள்.

சரி, கட்டடம் தேறிவிட்டது. மிச்சம் உங்கள் வேலை. அண்மைக்கால நிலநடுக்கங்களில் காயம்பட்டவர்களில் 30 முதல் 50 சதவீதம் பேர் வீட்டுச் சாமான் விழுந்தோ நகர்ந்தோ அடிபட்டவர்கள் என்கிறது டோக்கியோ தீயணைப்புத் துறை.

அலமாரியை எல் வடிவ இரும்புப் பட்டையால் சுவரோடு ஸ்க்ரூ போட்டுப் பிணைப்பதுதான் உத்தமம். ஆனால் வாடகை வீட்டில் துளை போட்டால் காலி செய்யும்போது டெபாசிட்டில் கை வைப்பார்கள். முதலில் ஓனரைக் கேளுங்கள். மாட்டேன் என்றால் ஹோம் சென்டரில் த்சுப்பாரி கம்பி வாங்குங்கள். அலமாரி உச்சிக்கும் சீலிங்குக்கும் நடுவே முட்டுக்கொடுப்பது அது. பலர் அதை முன்பக்கம் மாட்டுகிறார்கள்; சுவரை ஒட்டிய பின்பக்கம்தான் சரி. மாட்டும் முன் சீலிங்கை உள்ளங்கையால் அழுத்துங்கள். அமுங்குகிறதா? அது வெறும் ஜிப்சம் பலகை, ஆட்டத்தில் கம்பி அதைத் துளைத்துக்கொண்டு மேலே போய்விடும். அங்கே ஒரு கெட்டியான மரப்பலகையைக் கொடுத்து, அதன் மேல் முட்டுக்கொடுக்க வேண்டும். அலமாரியின் முன்விளிம்புக்கு அடியில் ஸ்டாப்பர் பட்டையையும் செருகுங்கள். அலமாரி லேசாகச் சுவர்ப்பக்கம் சாய்ந்து நிற்கும். இரண்டும் சேர்ந்தால்தான் பலன், கம்பி மட்டும் போதாது. உங்கள் வார்டு அலுவலகத்திலும் விசாரியுங்கள். சில வார்டுகளில் இந்தச் சாமான்களை இலவசமாகத் தருகிறார்கள்.

டிவிக்கும் மைக்ரோவேவுக்கும் அடியில் ஜெல் பேட் ஒட்டுங்கள். தூசியைத் துடைக்காமல் ஒட்டினால் பிடிக்காது. ஊரிலிருந்து ஆசையாகத் தூக்கி வந்த கிரைண்டரை அலமாரி உச்சியில் ஏற்றவே ஏற்றாதீர்கள், அதன் இடம் தரைதான். ஊறுகாய் ஜாடி, எண்ணெய் பாட்டில் எல்லாம் கீழ்த்தட்டுக்கு. கண்ணாடிச் சட்டம் போட்ட சாமி படம் தலைமாட்டில் வேண்டாம். விளக்கை ஏற்றிவிட்டு வெளியே கிளம்பவும் வேண்டாம்.

முப்பதாவது மாடி வியூவுக்கு மயங்கியவர்களுக்குத் தனியாக ஒன்று. 2011 மார்ச் 11 அன்று வந்த பெரும் நிலநடுக்கத்தில், அதன் மையத்திலிருந்து 700 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த ஒசாகாவில்கூட 55 மாடிக் கட்டடம் ஒன்று பத்து நிமிடம் போல ஆடியது. உயரத்தில் சாமான் விழுவதோடு நிற்காது, அறை முழுக்க ஓடும். சக்கரம் வைத்த எதையும் பூட்டியே வையுங்கள்.

பெரிய ஆட்டம் வந்தால் கேஸ் மீட்டர் தானே அடைத்துக்கொள்ளும். ஆட்டம் நின்று, கேஸ் வாடை இல்லை என்று தெரிந்த பிறகு அடுப்பையும் கீசரையும் அணைத்துவிட்டு, மீட்டர் பட்டனை அழுத்தி 3 நிமிடம் பொறுத்தால் திரும்ப வரும். வீட்டைவிட்டு வெளியேறினால் மின் பிரேக்கரை இறக்கிவிட்டுப் போங்கள். 1995 கோபே நிலநடுக்கத்துக்குப் பிறகு கரன்ட் திரும்பி வந்தபோது பற்றிய வீடுகள் பல.

கடைசியாகக் காப்பீடு. வாடகைக்கு வரும்போது கட்டாயமாக எடுக்க வைக்கும் தீ காப்பீட்டில், நிலநடுக்கத்தால் பிடித்த தீ சேராது. அதற்கு நிலநடுக்கக் காப்பீட்டைத் தனியாக இணைக்க வேண்டும். தீ காப்பீட்டுத் தொகையில் 30 முதல் 50 சதவீதம் வரைக்கும்தான் எடுக்க முடியும். வீட்டுச் சாமானுக்கு உச்சவரம்பு 1 கோடி யென். அப்புறம், ஒரு நகையின் மதிப்பு 3 லட்சம் யென்னைத் தாண்டினால் அது கணக்கில் வராது. கல்யாண நகையைப் பீரோவில் வைத்துக்கொண்டு காப்பீட்டை நம்பாதீர்கள்.