ஸ்டீராய்டு மாத்திரையை நிறுத்தப் போகிறீர்களா? ஒரே நாளில் வேண்டாம்

எங்கள் அத்தைக்கு வீசிங். அம்மாபேட்டையில் தறிக்குப் பக்கத்திலேயே வாழ்க்கை, தூசிக்குக் கேட்கவா வேண்டும். டாக்டர் பத்து நாளைக்கு எழுதிக் கொடுத்த ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை, பழைய சீட்டைக் காட்டிக் காட்டியே நாலு மாதம் வாங்கிப் போட்டிருக்கிறார். முகம் உருண்டையாகி, "சதை போட்டுட்டீங்களே" என்று பார்த்தவர்கள் எல்லாம் சொல்ல, இளைப்பும் இல்லையே என்று ஒரு வெள்ளிக்கிழமை அப்படியே நிறுத்திவிட்டார். அடுத்த வாரம் ஏற்காடு போனோம். வழியெல்லாம் வாந்தி. இருபது கொண்டை ஊசி வளைவு, யாருக்குத்தான் குமட்டாது என்று விட்டுவிட்டோம். ஏரிக்கரையில் இறங்கியதும் நிற்க முடியாமல் சரிந்தார், பிபி 80க்குக் கீழே.

நடந்தது இதுதான். இரண்டு கிட்னியின் தலையிலும் தொப்பி மாதிரி அட்ரினல் சுரப்பி இருக்கிறது. அதன் உள்பகுதி அட்ரினலின் விடும். வளைவில் எதிரே லாரி வந்தபோது எனக்கு நெஞ்சு படபடத்ததே, அது இதன் வேலை. நரம்பு நேராகச் சொல்வதால் நொடியில் நடந்துவிடும். வெளிப்பகுதியில்தான் கார்ட்டிசால், உடம்பு தானே செய்துகொள்ளும் ஸ்டீராய்டு. பிபியையும் தெம்பையும் தாங்குவதில் இதற்கும் பங்கு உண்டு, இது இல்லாமல்தான் அத்தை சரிந்தார். இதற்கு உத்தரவு சுற்றி வருகிறது: மூளையின் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி அதன் கீழே இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்லும், பிட்யூட்டரி ஏசிடிஎச் என்ற ஹார்மோனை ரத்தத்தில் அனுப்பும், அது வந்தால்தான் கார்ட்டிசால் சுரக்கும். ரத்தத்தில் போதுமான அளவு இருந்தால் மேலே உத்தரவு குறைந்துவிடும். மாத்திரையையும் மூளை கார்ட்டிசால் என்றே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. மாதக்கணக்கில் முதலாளியிடமிருந்து பாவு (நெய்ய வேண்டிய நூல்) வராத தறி என்ன ஆகும்? சுரப்பியும் அப்படித்தான் சுருங்கிக் கிடக்கும். திடீரென்று மாத்திரையை நிறுத்தினால் உடனே ஓடாது, பழைய நிலைக்கு வர சிலருக்கு மாதங்கள் ஆகும். (உப்பையும் பிபியையும் பார்த்துக்கொள்ளும் ஆல்டோஸ்டீரோனும் வெளிப்பகுதியில்தான் சுரக்கிறது, ஆனால் அதற்குப் பெரும்பாலும் உத்தரவு கிட்னி பக்கமிருந்து. அதனால் அது தப்பித்துக்கொள்ளும்.)

சரி, என்ன செய்வது? முதலில் எத்தனை நாள் போட்டோம் என்று எண்ணுங்கள். மூன்று வாரத்துக்கு மேல் போயிருந்தாலோ, வருடத்தில் அடிக்கடி விட்டுவிட்டுப் போட்டிருந்தாலோ தானாக நிறுத்தாதீர்கள். மூட்டில் போட்ட ஊசி, முகம் வெளுக்க என்று கடையில் கொடுக்கும் ஸ்டீராய்டு க்ரீம், பேர் தெரியாத வலிப் பொட்டலம் எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லுங்கள், வெட்கப்பட வேண்டாம். ப்ரெட்னிசோலோன் 5 மி.கி. ஏறக்குறைய உடம்பு தானே ஒரு நாளைக்குச் சுரக்கும் அளவுக்குச் சமம். அந்த அளவு வரைக்கும் நோய் அடங்கியிருந்தால் கொஞ்சம் வேகமாகவே குறைப்பார்கள், அதற்குக் கீழேதான் 1 மி.கி., 1 மி.கி.யாக வாரக்கணக்கில் இழுப்பார்கள். பொறுமை போவது இங்கேதான், அத்தைக்கும் போனது.

மாத்திரையைக் காலையில் சாப்பாட்டுக்கு அப்புறம் போடுங்கள். கார்ட்டிசால் இயல்பாகவே விடிகாலையில் ஏறி நள்ளிரவில் அடங்குவது, ராத்திரி போட்டால் தூக்கம் போய்விடும். சுரப்பி விழித்துவிட்டதா என்று பார்க்க காலை எட்டு மணி வாக்கில் ரத்தம் எடுப்பார்கள். அதற்கு முன் கடைசி மாத்திரையை எப்போது போடலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள், போட்டுவிட்டுப் போனால் கணக்கு தப்பிவிடும்.

காய்ச்சல் வந்தால், ஆபரேஷன் என்றால், நல்ல உடம்பு கார்ட்டிசாலைப் பல மடங்கு கூட்டும். தூங்கும் சுரப்பியால் முடியாது. அந்த நாட்களுக்கு எவ்வளவு கூட்டிப் போடுவது என்று முன்கூட்டியே எழுதி வாங்கி வையுங்கள். மாத்திரை தங்காமல் வாந்தி, தலைசுற்றல், குழப்பம் என்றால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரி, ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசிதான் வழி. அத்தைக்கும் கீழே சேலத்துக்குக் கொண்டுவந்து அதையும் ட்ரிப்பையும் போட்டார்கள், சாயங்காலமே எழுந்து உட்கார்ந்து டீ கேட்டார்.

இப்போது அவர் பர்ஸில் பஸ் டிக்கெட்டுகளோடு ஒரு சீட்டு இருக்கிறது: ஸ்டீராய்டு எடுப்பவர், மருந்தின் பேர், அளவு, என் போன் நம்பர். இன்ஹேலரை மட்டும் விடவில்லை, அது வேறு கணக்கு.