பழைய கேம் கன்சோல் விலை குறையும் என்று காத்திருப்பவர்கள் செய்யும் தவறுகள்

2025 ஆகஸ்ட் 3 அன்று அமெரிக்காவில் நிண்டெண்டோ ஸ்விட்ச் கன்சோலின் விலை மாறியது. 2017 மார்ச்சில் 299.99 டாலருக்கு வந்த சாதனம் அது. எட்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. 15 கோடிக்கும் மேல் விற்றாகிவிட்டது. அடுத்த தலைமுறையான ஸ்விட்ச் 2 கூட இரண்டு மாதம் முன்பே கடைக்கு வந்துவிட்டது. இனி இறங்கத்தானே வேண்டும் என்று பலரும் கணக்குப் போட்டிருந்தார்கள். ஆனால் விலை ஏறியது. சாதாரண மாடல் 339.99 டாலர் ஆனது. ஓலெட் திரை கொண்ட மாடல் 349.99லிருந்து 399.99க்குப் போனது. சின்ன லைட் மாடல் 199.99லிருந்து 229.99 ஆனது.

அந்த எட்டு வருடத்தில் அமெரிக்காவில் ஸ்விட்சின் அதிகாரப்பூர்வ விலை ஒருமுறைகூடக் குறைக்கப்படவில்லை. அடுத்த கிறிஸ்துமஸுக்கு நிச்சயம் குறையும் என்று நம்பித் தள்ளிப்போட்டவர்கள் விளையாட வேண்டிய வருடங்களையும் இழந்தார்கள், கடைசியில் 40 டாலர் கூடுதலாகவும் கொடுத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கன்சோலுக்கு வயதானால் விலை இறங்கும் என்பது ஒரு காலத்தில் உண்மையாகவே இருந்தது. அது ஏன் உண்மையாக இருந்தது, இப்போது ஏன் இல்லை என்று தெரிந்துகொண்டால், இந்த விஷயத்தில் நடக்கும் தவறுகளில் பாதி தானாகவே நின்றுவிடும்.

வயதை மட்டும் பார்ப்பது

சோனி கம்பெனியின் பிளேஸ்டேஷன் 2 அமெரிக்காவில் 2000 அக்டோபரில் 299 டாலருக்கு வந்தது. 2002ல் 199, 2003ல் 179, 2004ல் 149, 2006ல் 129, கடைசியாக 2009ல் 99.99 டாலர். படிக்கட்டில் இறங்குவது போல இறங்கியது. இதைப் பார்த்து வளர்ந்த தலைமுறைதான் இன்றும் வயதை வைத்து விலையைக் கணிக்கிறது.

அந்தப் படிக்கட்டைக் கட்டியது காலம் மட்டும் இல்லை, சிப் தொழில்நுட்பம். ஒரு சிப்பில் இருக்கும் டிரான்சிஸ்டர்களைச் சிறிதாக்க முடிந்தால், ஒரே சிலிக்கான் தகட்டிலிருந்து அதிக சிப்கள் கிடைக்கும். மின்சாரம் குறைவாகச் செலவாகும், சூடு குறையும். அதனால் மின்விசிறி, பவர் சப்ளை, பெட்டி எல்லாமே சிறிதாகும், மலிவாகும். பிளேஸ்டேஷன் 2ல் தொடக்கத்தில் தனித்தனியாக இருந்த மைய பிராசஸரும் கிராஃபிக்ஸ் சிப்பும் பிற்பாடு ஒரே சிப்பாகவே இணைக்கப்பட்டன. செய்யும் செலவு உண்மையிலேயே இறங்கியது, சோனி அதில் ஒரு பங்கை விலையில் விட்டுக்கொடுத்தது. அப்படி விட்டுக்கொடுத்ததற்கும் காரணம் உண்டு. கன்சோல் வாங்குபவர் கேம்களும் வாங்குவார், ஒவ்வொரு கேமிலிருந்தும் கன்சோல் கம்பெனிக்கு ஒரு பங்கு போகும்.

இன்றைக்குச் சிப்களைச் சிறிதாக்குவதே மிகுந்த செலவு பிடிக்கும் வேலை. அளவு குறைந்தாலும் ஒரு டிரான்சிஸ்டருக்கு ஆகும் செலவு முன்போல மளமளவென்று இறங்குவதில்லை. பிளேஸ்டேஷன் 5க்குள் இருக்கும் சிப் 2022ல் 7 நானோமீட்டரிலிருந்து 6 நானோமீட்டருக்கு மாறியது, அதாவது இன்னும் சிறிதானது. மெஷின் எடை குறைந்தது. விலை குறையவில்லை. 2020 நவம்பரில் அமெரிக்காவில் 499.99 டாலருக்கு வந்த டிஸ்க் மாடல், 2025 ஆகஸ்டில் 549.99 ஆனது. ஏறத்தாழ அதே வயதில் பிளேஸ்டேஷன் 2 தன் முதல் விலையில் பாதிக்கு விற்றுக்கொண்டிருந்தது.

இதோடு இறக்குமதி வரி, மெமரி சிப் விலை, பணவீக்கம் என்று மற்றவையும் சேர்ந்துகொண்டன. ஏஐ டேட்டா சென்டர்களுக்காக மெமரி வாங்கிக் குவிக்கப்பட்டதால் 2025 இறுதியில் அதன் விலை கடுமையாக உயர்ந்தது. கன்சோலுக்குள்ளும் மெமரி இருக்கிறது. இப்படிப் பார்த்தால், ஒரு கன்சோலின் விலை என்ன ஆகும் என்று கேட்பவர் பார்க்க வேண்டியது அதன் பிறந்த தேதியை அல்ல, அதைச் செய்ய இன்று என்ன ஆகிறது என்பதைத்தான்.

ஸ்விட்சில் இதற்கு அழகான ஒரு சாட்சி இருக்கிறது. 2019ல் அதன் சிப் 20 நானோமீட்டரிலிருந்து 16 நானோமீட்டருக்கு மாறியது. பழைய முறைப்படி பார்த்தால் அதுதான் விலைக்குறைப்பு வர வேண்டிய தருணம். நிண்டெண்டோ விலையைத் தொடவில்லை. அதற்குப் பதிலாக இரண்டரை முதல் ஆறரை மணி நேரம் வரை நின்ற பேட்டரி, நாலரை முதல் ஒன்பது மணி நேரம் வரை நின்றது. என் பார்வையில் அது வாங்குபவருக்குக் கிடைத்த நல்ல லாபம்தான். ஆனால் விலைச் சீட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது கண்ணில் படவே இல்லை.

இன்னொன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2017ல் இருந்த 299.99 டாலரின் மதிப்பு, 2025ன் விலைவாசியில் 400 டாலரை நெருங்கும். ஆக, மாறாமல் நின்ற அந்த விலை உண்மையில் வருடா வருடம் மெல்ல இறங்கிக்கொண்டுதான் இருந்தது.

எல்லாக் கம்பெனியும் ஒரே மாதிரி என்று நினைப்பது

எபிக் என்ற கேம் கம்பெனிக்கும் ஆப்பிளுக்கும் இடையே 2021ல் நடந்த வழக்கில் சாட்சி சொன்ன மைக்ரோசாஃப்ட் அதிகாரி ஒருவர், எக்ஸ்பாக்ஸ் கன்சோல் விற்பனையில் தங்களுக்கு லாபமே வந்ததில்லை என்றார். நிண்டெண்டோவின் வழி வேறு. ஸ்விட்சை நஷ்டத்துக்கு விற்க மாட்டோம் என்று வெளியீட்டுக்கு முன்பே சொல்லிவிட்டார்கள். நஷ்டத்தில் தொடங்கும் கம்பெனிக்கு, செலவு குறைந்தால் முதலில் அந்தப் பள்ளத்தை மூடவே ஆசை வரும். லாபத்தில் தொடங்கிய கம்பெனி, சரக்கு நன்றாக ஓடும்வரை எதற்காகக் குறைக்கப் போகிறது?

நிண்டெண்டோ விலையைப் பெரிதாகக் குறைத்த ஒரு சம்பவம் உண்டு. 3டிஎஸ் கையடக்க கன்சோல் 2011 மார்ச்சில் அமெரிக்காவில் 249.99 டாலருக்கு வந்து, எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. ஐந்து மாதம்கூட ஆகாத நிலையில், ஆகஸ்டில் 169.99 ஆக்கினார்கள். அப்போதைய தலைவர் சடோரு இவாடா தன் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். முதலில் வாங்கி ஏமாந்தவர்களுக்கு 20 பழைய கேம்கள் இலவசமாகக் கொடுக்கப்பட்டன. கவனிக்க வேண்டியது இதுதான்: அந்த கன்சோல் பழையதானதால் விலை இறங்கவில்லை, விற்காததால் இறங்கியது. விலைக்குறைப்பை எதிர்பார்ப்பவர் தேட வேண்டிய அறிகுறி, கம்பெனி தன் விற்பனை இலக்கைக் குறைத்துக்கொள்கிறதா என்பது. அது ஒவ்வொரு காலாண்டு அறிக்கையிலும் வெளிப்படையாகவே இருக்கும், யாரிடமும் ரகசியம் கேட்க வேண்டியதில்லை.

புது மாடல் வந்தால் பழையது மலியும் என்று நம்புவது

2021 அக்டோபரில் ஓலெட் மாடல் வந்தபோது ஐரோப்பாவில் பழைய ஸ்விட்ச் விலை குறைந்தது. பிரிட்டனில் 279.99 பவுண்டிலிருந்து 259.99 ஆனது. அமெரிக்காவில் அதே 299.99 நீடித்தது. ஸ்விட்ச் 2 வந்தபோது என்ன நடந்தது என்பதை மேலேயே சொல்லிவிட்டேன்.

இதில் மறைந்திருக்கும் அடுத்த தவறு இன்னும் பெரியது. 2025 விலையேற்றத்துக்குப் பிறகு ஓலெட் மாடல் 399.99 டாலர், ஸ்விட்ச் 2 அப்போது 449.99 டாலர். வித்தியாசம் 50 டாலர்தான். பழைய ஸ்விட்ச் கேம்களில் பெரும்பாலானவை ஸ்விட்ச் 2லும் ஓடும். பழையது என்றால் மலிவாகத்தான் இருக்கும் என்ற எண்ணத்தில் இரண்டு விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமலே ஓலெட்டை வாங்குவது அந்த விலையில் சரியான முடிவு இல்லை. எப்போதும் கையில் வைத்தே விளையாடுபவர், ஓலெட் திரைதான் வேண்டும் என்று தெரிந்தே கேட்பவர் என்றால் அது வேறு.

வதந்தியையும் அறிவிப்பையும் தவறாகப் படிப்பது

2021 மார்ச்சில் புளூம்பெர்க் செய்தி நிறுவனம், சாம்சங்கின் ஓலெட் திரையோடும் டிவியில் 4கே தரத்தோடும் புது ஸ்விட்ச் வரும் என்று எழுதியது. ஜூலையில் அறிவிப்பு வந்தது. ஓலெட் இருந்தது, 4கே இல்லை. பாதி சரியான செய்தியை நம்பி முடிவெடுப்பதில் இருக்கும் ஆபத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் தேவையில்லை. பகுதிப் பொருள்கள் எங்கே ஆர்டர் ஆகின்றன என்பது பலர் கைபடும் தகவல், அதனால் கசியும். விலையை ஒரு சிலர் கடைசி நேரத்தில் முடிவு செய்வார்கள். அதனால் மாடல் பற்றிய வதந்திக்குக் கொடுக்கும் மதிப்பை விலை பற்றிய வதந்திக்குக் கொடுக்காதீர்கள்.

கம்பெனி சொல்வதையும் அளந்துதான் படிக்க வேண்டும். 2022 ஆகஸ்டில் நிண்டெண்டோ தலைவர் ஷுண்டாரோ ஃபுருகாவா, இப்போதைக்கு ஸ்விட்ச் விலையை உயர்த்தும் திட்டம் இல்லை என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அந்த வாக்கியத்தில் உயிர்நாடி 'இப்போதைக்கு' என்ற சொல். அது வாக்குறுதி இல்லை.

முன்கூட்டியே தெரிந்துகொண்டு ஓடிப்போய் வாங்கிவிடலாம் என்பதும் எப்போதும் நடக்காது. அமெரிக்காவில் ஸ்விட்ச் விலையேற்றத்தை ஆகஸ்ட் 1 அன்று சொன்னார்கள், 3ஆம் தேதி அமல். பிளேஸ்டேஷன் 5க்கு ஆகஸ்ட் 20 அன்று சொல்லி மறுநாளே அமல். 3டிஎஸ் விலைக்குறைப்புக்கு மட்டும் இரண்டு வாரம் முன்பே சொன்னார்கள். அந்த ஏற்றங்களுக்குக் கிடைத்த அவகாசம் ஒன்றிரண்டு நாள்தான்.

சீட்டில் இருக்கும் எண்ணை மட்டும் பார்ப்பது

விலை குறையவில்லை என்று சொல்லும்போதே, மறைமுகமாகக் குறைந்த இடங்களும் உண்டு. பல வருடம் பிளாக் ஃப்ரைடே சமயத்தில் அதே 299.99 டாலருக்கு ஸ்விட்சோடு மரியோ கார்ட் 8 டீலக்ஸ் கேமும் மூன்று மாத ஆன்லைன் சந்தாவும் சேர்த்துக் கொடுத்தார்கள். தனியாக வாங்கினால் அந்தக் கேமே 59.99 டாலர். அதிகாரப்பூர்வ விலைக்குறைப்புக்குக் காத்திருந்தவர்கள் இந்த பண்டிலை விட்டுவிட்டார்கள். காத்திருப்பதென்றால் இது மாதிரி பண்டிலுக்குக் காத்திருக்கலாம், அதற்கு நவம்பர் மாதம் என்று ஒரு தேதியாவது இருக்கிறது.

எதிர்ப்பக்கமும் உண்டு. 2023 செப்டம்பரில், ஆன்லைனில் விளையாடக் கட்டும் பிளேஸ்டேஷன் பிளஸ் எசென்ஷியல் ஒரு வருட சந்தா அமெரிக்காவில் 59.99 டாலரிலிருந்து 79.99 ஆனது. மூன்று வருடம் ஆன்லைனில் விளையாடுபவருக்கு 60 டாலர் கூடுதல் செலவு. கன்சோலில் 50 டாலர் குறையட்டும் என்று காத்திருப்பவர் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

வேறு நாட்டு விலையை நம் விலையாக எடுத்துக்கொள்வது

பிளேஸ்டேஷன் 5 விலை 2022 ஆகஸ்டில் ஐரோப்பா, ஜப்பான் உட்படப் பல இடங்களில் ஏறியது, அமெரிக்காவில் ஏறவில்லை. இந்தியாவில் 2021 பிப்ரவரியில் 49,990 ரூபாய்க்கு வந்த டிஸ்க் மாடல், 2022 நவம்பரில் 54,990 ஆனது. அப்போது அமெரிக்க விலை அசையவே இல்லை. 2025ல் ஜப்பானில் ஸ்விட்ச் 2 49,980 யென் என்பதைப் பார்த்து அங்கிருந்து வாங்கிவரச் சொன்னவர்கள், அந்த மாடலில் ஜப்பானிய மொழி மட்டுமே உண்டு என்பதைக் கவனிக்கவில்லை. பல மொழி மாடல் அங்கே அப்போது 69,980 யென். ஒவ்வொரு நாட்டு விலையும் அந்த நாட்டு நாணயம், வரி, போட்டியைப் பொறுத்தது. செய்தியைப் படிக்கும்போது முதலில் எந்த நாடு என்று பாருங்கள்.

கடைசிவரை காத்திருப்பது

உற்பத்தி நிற்கும்போது கடைசிச் சரக்கைத் தள்ளுபடியில் வாரிவிடலாம் என்பது சிலருடைய திட்டம். 3டிஎஸ் உற்பத்தி 2020 செப்டம்பரில் நின்றது. அதன் பிறகு நல்ல நிலையில் இருந்த செகண்ட் ஹேண்ட் 3டிஎஸ்களின் விலை ஏறத் தொடங்கியது. 2023 மார்ச் 27 அன்று அதன் டிஜிட்டல் கடை மூடப்பட்டது, 2024 ஏப்ரலில் ஆன்லைன் சேவையும் நின்றது. எக்ஸ்பாக்ஸ் 360ன் டிஜிட்டல் கடை 2024 ஜூலை 29 அன்று மூடப்பட்டது. கன்சோல் மலிவாகக் கிடைத்தாலும், டிஜிட்டலில் மட்டும் வந்த கேம்களைப் புதிதாக வாங்க வழி இல்லை. கடைசியில் வருபவருக்குக் கிடைப்பது முழு கன்சோல் இல்லை.

பழையது வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், என் யோசனை இது: புது விலை இறங்கக் காத்திருப்பதை விட்டுவிட்டு, செகண்ட் ஹேண்டைக் கவனமாகப் பார்த்து வாங்குங்கள். ஸ்விட்ச் என்றால் பின்பக்கத்தில் மாடல் எண்ணைப் பாருங்கள். எச்ஏசி-001 (HAC-001) என்று மட்டும் இருந்தால் அது 2017ன் முதல் வகை. அதன் பின்னால் அடைப்புக்குறிக்குள் -01 இருந்தால் பேட்டரி அதிகம் நிற்கும் 2019 வகை. இரண்டுக்கும் ஒரே விலை சொல்லும் விற்பனையாளர்கள் இருக்கிறார்கள். ஜாய்-கான் எனப்படும் பக்கவாட்டு கன்ட்ரோலரின் குச்சியைத் தொடாமல் விட்டு, திரையில் அதுவாக நகர்கிறதா என்று செட்டிங்ஸில் பாருங்கள். அப்புறம், பணம் கொடுக்கும் முன் வைஃபையில் இணைத்து நிண்டெண்டோ கடையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். திருட்டு கேம் ஏற்றியதால் ஆன்லைனில் தடை செய்யப்பட்ட மெஷின் என்றால் அது அங்கேயே தெரிந்துவிடும்.